ஆணியில் தொங்கும் சாவி

பெற்றோர் கூட்டம் முடிந்து பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது பேச்சு மார்க்கில் தொடங்கும், செல்போனுக்கு வரும், கடைசியில் வண்டியில் வந்து நிற்கும். "எங்க பையன் ஸ்கூட்டி என்னங்க, புல்லட்டே ஓட்டுவான்" என்று ஓர் அப்பா சொல்வார். பையன் ஒன்பதாவது படிக்கிறான். அவன் கணக்கில் நூறு வாங்கியிருந்தால்கூட அந்த முகத்தில் இவ்வளவு பூரிப்பு வந்திருக்காது. சுற்றி நிற்கிற நாம் எல்லோரும் சிரிக்கிறோம். "ஏங்க, அவனுக்குப் பதினாலு வயசுதானே ஆகுது?" என்று நம்மில் ஒருவராவது கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டது தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வக்கீல். பதினெட்டு வருஷமாக விபத்து இழப்பீட்டு வழக்குகள் பார்க்கிறேன். கோர்ட்டில் எம்.சி.ஓ.பி. என்று சொல்வோம். பெரும்பாலும் அடிபட்டவர்களுக்காக ஆஜராவேன். பதினொன்றாவது படிக்கிற ஒரு பையனுக்கு அம்மாவும்கூட. எனவே நான் சொல்வதைச் சட்டம் படித்தவள் மிரட்டுகிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களோடு அதே வாசலில் நிற்கிறவள் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் வரட்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வழக்கு. ஆட்களின் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள். பதினைந்து வயசுப் பையனிடம், "ஓடிப் போய்ப் பரோட்டா பார்சல் வாங்கிட்டு வாடா" என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் அம்மாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான். கீரை விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் மேல், திருப்பத்தில் மோதிவிட்டான். பெரியவருக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. கம்பி வைத்துத் தைத்தார்கள். அதற்கப்புறம் அவர் சைக்கிள் தள்ளவில்லை. அவர் மனைவி எக்ஸ்ரே படங்களை ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பையில் சுருட்டிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "இதுல எது முக்கியம்னு தெரியலம்மா, எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார். மருந்துக்கடை ரசீதுகளோடு, மூன்று நாள் கீரை வாங்கின கணக்கு எழுதிய துண்டுச் சீட்டும் அதில் இருந்தது.

ஆர்.சி. பையனுடைய அம்மா பேரில். அந்த அம்மாவுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. பெண்கள் பேரில் எடுத்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்று அவர் பேரில் எடுத்திருந்தார்கள். அதனால் சாட்சிக் கூண்டில் ஏறியதும் அவர்தான். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தவேயில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வண்டிச் சாவி வழக்கமா எங்கம்மா இருக்கும்?"

"ஹால்ல, காலண்டர் ஆணியிலங்க."

"பையன் கைக்கு எட்டுமா?"

"எட்டுங்க."

"அன்னைக்குத்தான் முதல் தடவையா எடுத்தானா?"

பதில் இல்லை.

"ட்யூஷனுக்கு எதுல போவான்?"

அந்த அம்மா திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். நீதிபதி, "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா" என்றார். "வண்டியிலதாங்க" என்று சொல்லும்போது குரல் வெளியே வரவில்லை. எனக்கு வேண்டிய சாட்சியம்தான் அது. என் கட்சிக்காரருக்கு நல்லது. ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம், பாக்கெட் பால் வாங்கி வர என் பையனிடம் நானே சாவியை எடுத்துக் கொடுத்திருந்தேன். அவனுக்கு அப்போது பதினாலு. தெருமுனைக் கடைதானே என்று கொடுத்தேன். அவன் திரும்பி வந்து ஸ்டாண்டு போட்ட விதத்தைப் பார்த்து, பெரிய மனுஷனாகிவிட்டான் என்று பூரித்தும் போனேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கைப்பையில் போட்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சில கேள்விகளும் ஏன் அவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்தார்கள், 199ஏ. அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதினெட்டு வயசு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டிக்குச் சொந்தக்காரர் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. நமக்குத் தெரிந்தேதான் பிள்ளை எடுத்தான் என்று கோர்ட்டு முதலிலேயே எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரியாது, நான் வேண்டிய எச்சரிக்கையெல்லாம் செய்திருந்தேன் என்று நிரூபிக்கிற பொறுப்பு நம் தலையில். ஆணியில் தொங்குகிற சாவியை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பீர்கள்?

2019-க்கு முன்னால் மட்டும் சட்டம் இளகியா இருந்தது? டெல்லி வழக்கு ஒன்றில், பையன் அவனாகவே வந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், எனக்குத் தெரியாது என்று மோட்டார் சைக்கிள் உரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். ஓட்டினவன் மைனர், லைசென்ஸ் கிடையாது, மோதியதில் ஓர் உயிர் போயிருந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தன் வண்டியை வேறு யாரும் தவறாக எடுக்காமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பதும் நிலைத்தது.

இந்த 'வசூலித்துக்கொள்வது'தான் பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாத இடம். "இன்சூரன்ஸ் இருக்குல்ல, அவன் பாத்துப்பான்" என்கிறீர்கள். கோர்ட்டில் இதைப் 'பே அண்ட் ரெக்கவரி' என்போம். அடிபட்டவர் தவிக்கக் கூடாது என்பதற்காகக் கம்பெனி முதலில் கட்ட வேண்டும். 2004-ல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்ன வழி இது. ஆனால் லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்தது பாலிசி நிபந்தனையை மீறியது. அதனால் கட்டிய பணத்தைக் கம்பெனி வண்டி உரிமையாளரிடம் திருப்பி வாங்கிக்கொள்ளும். கீரைக்காரர் வழக்கில் வட்டியோடு நாலு லட்சத்துச் சொச்சம் வந்தது. கம்பெனி கட்டியது. பிறகு அந்த அம்மா பேரில் நிறைவேற்று மனு போட்டது. வண்டியே ஓட்டத் தெரியாத பெண்ணுக்கு அமீனா வந்து நோட்டீஸ் கொடுத்தார். அவர் சீட்டுப் பணத்தை எடுத்தார், நகையை வைத்தார், மீதிக்குத் தவணை கேட்டார். பையன் அப்போது பன்னிரண்டாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாக இருந்தாலும். அடிபடுவது நம் பிள்ளையாகவே இருந்தால்? எதிரே வந்தவர் மேல் தப்பிருந்தால் நம் பிள்ளைக்கும் இழப்பீடு உண்டு. லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்தை வைத்து விபத்துக்கு அவனும் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதினேழு வயசுப் பையனின் வழக்கு அது. ஆனால் அவனாகப் போய் மீடியனில் இடித்து விழுந்தால் ஒன்றும் கிடையாது. வண்டி எடுக்கும்போது கட்டாயமாகப் போடுகிற 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் உள்ள உரிமையாளர் ஓட்டும்போதுதான் செல்லும். பிள்ளைக்குச் செல்லாது. ஆஸ்பத்திரி வராண்டாவில் பாலிசித் தாளை என்னிடம் நீட்டி, "இதுல ஏதாவது வருமாக்கா?" என்று கேட்ட அப்பாக்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவர்களைத் திட்ட முடியாது. அதனால்தான் இப்போது உங்களைத் திட்டுகிறேன்.

நாம் அடுக்குகிற சாக்குகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"டி.வி.எஸ். ஃபிப்டிதானேங்க, அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்ல?" அப்படி ஒரு சட்டம் என்றைக்கும் இருந்ததில்லை. 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியைப் பதினாறு வயசு முடிந்தவர் ஓட்டலாம், அதுவும் பெற்றோர் சம்மதத்தோடு லைசென்ஸ் எடுத்து. நாம் இன்னமும் ஃபிப்டி என்று கூப்பிடுகிற அந்த எக்ஸ்.எல். இப்போது கிட்டத்தட்ட 100 சி.சி. தெருவில் ஓடுகிற ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125. உங்கள் பத்தாவது வகுப்புப் பிள்ளைக்கு ஏற்ற பெட்ரோல் வண்டி எங்கள் ஊர் ஷோரூம் எதிலும் இல்லை.

"கரண்ட் வண்டிக்கு எதுவும் வேண்டாம்னு கடைக்காரர் சொன்னாரே?" 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் உள்ள சின்ன வண்டிக்குத்தான் அந்த விலக்கு. மற்ற எல்லா மின்சார ஸ்கூட்டருக்கும் பதிவு உண்டு, லைசென்ஸ் உண்டு, பதினெட்டு வயசும் உண்டு. சின்ன வண்டியை வாங்கி, "கொஞ்சம் ஸ்பீடு ஏத்திக் குடுங்கண்ணே" என்று மெக்கானிக்கிடம் விடுகிறவர்களையும் பார்க்கிறேன். அந்த நிமிஷமே விலக்கு போய்விடுகிறது.

"நல்லாத்தான் ஓட்டுறான், கால் நல்லா எட்டுது." காலா பிரச்சினை? ஸ்கூட்டர் நூறு கிலோவுக்கு மேல் கனம். சாய்ந்தால் தாங்குகிற பலம் அந்த வயசுத் தொடைக்கு இல்லை. அதைவிட முக்கியம், எதிரே வருகிற பஸ் எவ்வளவு வேகத்தில் வருகிறது, அது வந்து சேருவதற்குள் கடந்துவிட முடியுமா என்று கணக்குப் போடுகிற நிதானம் பிள்ளைகளுக்கு வர நாளாகும். உங்கள் பையன் ஹேண்டில் பிடிப்பதில் சூரனாகவே இருக்கட்டும். பின்னால் இரண்டு நண்பர்கள் ஏறிக்கொண்டு "டேய், அவன ஓவர்டேக் பண்ணுடா" என்று கத்தும்போது அவன் யாருடைய பேச்சைக் கேட்பான்?

"போலீஸ் பிடிச்சா பாத்துக்கலாம்." இதைச் சொல்லும்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு கவுன்சிலரோ ஏட்டோ மனசில் இருப்பார். மகனிடம் நீங்கள் தரும் புத்திமதியும் எனக்குத் தெரியும்: "மெயின் ரோட்டுல செக்கிங் இருக்கும், சந்து வழியா போ." பிள்ளை இதில் என்ன கற்றுக்கொள்கிறான், யோசித்துப் பாருங்கள். ரோட்டில் பயப்பட வேண்டியது போலீஸ்காரருக்கு, லாரிக்கு அல்ல என்று கற்றுக்கொள்கிறான். அந்தச் சந்தில்தான் பாட்டிகள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் பந்து பொறுக்க ஓடிவருகிறார்கள். நாம் அவனை அங்கே திருப்பி விடுகிறோம்.

நியாயமான ஒரே காரணத்தைக் கடைசியில் வைத்தேன். பெண்பிள்ளையைப் பெற்றவர்கள் சொல்வது அது. "டவுன் பஸ்ஸுல கூட்டம்க்கா, இடிக்கிறானுங்க. ராத்திரி எட்டு மணிக்கு ட்யூஷன் விட்டு எப்படி வருவா? அதான் ஸ்கூட்டி வாங்கிக் குடுத்தோம்." இந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நானும் அதே பஸ்ஸில் போனவள்தான். ஆனால் ஓர் ஆபத்திலிருந்து காப்பாற்ற இன்னோர் ஆபத்தில் இறக்கிவிடுகிறோம். பதினாறு வயசுப் பெண் இருட்டில் தனியாக ஸ்கூட்டியில் வருகிறாள், பின்னால் இரண்டு பேர் பைக்கில் துரத்துகிறார்கள் என்றால் அவள் செய்யக்கூடியது ஒன்றுதான், வேகத்தைக் கூட்டுவது. அதோடு, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினோமே என்ற பயத்தில் நடந்ததை வீட்டிலும் ஸ்டேஷனிலும் சொல்லவே மாட்டாள். பஸ்ஸில் ஒருவன் அவளைத் தொட்டால் அது போக்சோ குற்றம். நிமிர்ந்து நின்று புகார் கொடுக்கலாம், 1098-க்குக் கூப்பிடலாம். அந்த நிமிர்வை அவளிடமிருந்து நாமே பிடுங்கிக்கொள்ள வேண்டுமா?

இதே பயத்தின் இன்னொரு முகம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட வேதனை. விபத்து நடந்த இடத்திலிருந்து பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள். கெட்ட பிள்ளைகள் அல்ல. "அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னேபோடுவார்" என்று ஓடுகிறார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போன ஒரு பையனைக் கேமராப் பதிவில் பார்த்திருக்கிறேன். அவனுக்கு நாலடி தள்ளி ஒரு மனுஷி கிடக்கிறாள். அடிபட்டவருக்கு உடனே சிகிச்சைக்கு வழி செய்ய வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று 134-ஆம் பிரிவு வண்டி ஓட்டினவர் மேல் கடமை வைத்திருக்கிறது. லைசென்ஸ் எடுக்கப் போகிறவன் அதைப் படித்துவிட்டுப் போகிறான். நம் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது? 108-க்குக் கூப்பிடு என்று சொன்னோமா? தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்ளும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. இருந்து என்ன பயன், கூப்பிட வேண்டிய கை நடுங்கிக்கொண்டு ஓடிவிட்டால்?

பிள்ளை ஓடி வந்து வீட்டுக்குள் ஒளிந்துகொண்டதும் நாம் செய்வது அதைவிட மோசம். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு என் ஆபீசுக்கு நாலு பேர் வந்தார்கள். அப்பா, அம்மா, மாமா, அவர்களோடு வாய் திறக்காத பதினாறு வயசுப் பையன். "மேடம், வண்டிய இவன் மாமா ஓட்டுனதா எழுதிடலாமா? மாமாகிட்ட லைசென்ஸ் இருக்கு. இன்சூரன்ஸும் கிளியர் ஆகிடும்." மாமா தயாராகத்தான் வந்திருந்தார். தங்கச்சி மகனுக்காக எதுவும் செய்வார் போலிருந்தது. மாட்டேன் என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர்ல எல்லாரும் பண்றதுதானே?" என்றார்.

எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதில் அடங்கியிருப்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பொய்யான ஆளைக் காட்டுவதும் சாட்சியத்தை மறைப்பதும் தனிக் குற்றம். அடிபட்டவர் இறந்துவிட்டால், 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்து வருஷம் வரை தண்டனை. முன்பு இரண்டு வருஷமாக இருந்தது. அந்த மாமா அதைச் சுமப்பாரா? மொபைல் கடை, நகைக்கடை, ஏ.டி.எம். என்று தெருவுக்கு நாலு கேமரா இருக்கிற காலம் இது. இன்சூரன்ஸ் கம்பெனியே புலனாய்வுக்கு ஆள் அனுப்புகிறது. புனேயில் 2024 மே மாதம் பதினேழு வயசுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் இறந்தது நினைவிருக்கும். பையனுக்கு விபத்தைப் பற்றி முன்னூறு வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தது நாடு முழுக்கப் பேச்சாயிற்று. அதற்கப்புறம் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். டிரைவர் ஓட்டியதாகச் சொல்லும்படி வற்புறுத்தினார்கள், ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்று போலீஸ் வழக்குப் போட்டது. அப்பா, அம்மா, தாத்தா என்று வரிசையாகக் கைதானார்கள். அவர்களிடம் பணம் இருந்தது, செல்வாக்கு இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது?

அன்று காலை என்னை உலுக்கியது பெரியவர்களின் பேச்சல்ல. பேச்சு நடக்க நடக்க அந்தப் பையன் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் செய்ததற்கு வேறொருவர் போவார், வீட்டில் அதைப் பேசி முடித்துவிடுவார்கள் என்று அவன் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தான். அவர்கள் வேறு வக்கீலிடம் போனார்கள். பிறகு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

பிள்ளை செய்த குற்றம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அங்கே அவனைத் திருத்தப் பார்ப்பார்கள், ஜெயிலில் போட மாட்டார்கள் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். சரி. ஆனால் 199ஏ-யிலேயே இன்னொரு வரி இருக்கிறது. அப்படி மாட்டிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயசு வரை லைசென்ஸ் கிடையாது. பதினைந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரோட்டா வாங்கப் போனதற்குப் பத்து வருஷம். வசதியான வீட்டுக்கு இது தொந்தரவு, அவ்வளவுதான். ஐ.டி.ஐ. முடித்து சர்வீஸ் சென்டரில் சேரப்போகிறவனுக்கு? வளைகுடாவுக்கு டிரைவராகப் போகக் கனவு காண்கிறவனுக்கு? படித்துக்கொண்டே மாலையில் டெலிவரி வேலை பார்த்துத் தங்கச்சிக்குப் பீஸ் கட்ட நினைக்கிறவனுக்கு? அவன் பிழைப்பைத்தான் நீங்கள் அவன் கையில் சாவியாகக் கொடுத்து விளையாட விடுகிறீர்கள்.

இதெல்லாம் பதினாலு வயசில் தொடங்குவதும் இல்லை. மூன்று வயசில் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்து ஹேண்டிலைப் பிடிக்கக் கொடுத்து வீடியோ எடுத்தோமே, அங்கே தொடங்கியது. ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, "என் சிங்கக்குட்டிதான் ஏத்தணும்" என்று ஏழாவது படிக்கிறவனை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றவிட்டு அக்கம்பக்கம் கைதட்டியபோது முற்றியது. நம் தலையில் ஹெல்மெட், பின்னால் உட்கார்ந்த பிள்ளையின் தலையில் வெறும் ரிப்பன். நாலு வயசுக்கு மேற்பட்ட எல்லோரும் போட வேண்டும் என்று சட்டம் சொல்வது எத்தனை பேருக்குத் தெரியும்?

பள்ளிக்கூடங்களையும் கேட்காமல் விட மாட்டேன். வண்டியில் வரக்கூடாது என்று டைரியில் அச்சடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் நூறடி தள்ளி டீக்கடை ஓரம், வொர்க்‌ஷாப் நிழலில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். காலை எட்டே முக்காலுக்குப் போய்ப் பாருங்கள், வரிசையாக நிற்கும். ஆசிரியர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இரண்டு தரப்பும் அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கிறோம்.

வேறு வழி இல்லையா என்றால் இருக்கிறது, நாம் தேடவில்லை. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பதினொன்றாவது சேர்ந்ததும் விலையில்லா சைக்கிள் தருகிறார்கள். எத்தனை வீட்டில் அது மாடிப்படிக்கு அடியில் துருவேறிக் கிடக்கிறது, எத்தனை வீட்டில் வந்த மாதமே விற்றாயிற்று? சைக்கிள் ஓட்டினால் கௌரவக் குறைச்சல் என்று பையன் சொல்கிறான் என்கிறீர்கள். அந்த எண்ணம் அவனுக்கு எங்கிருந்து வந்தது?

என் பையன் என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. நண்பர்கள் எல்லாம் வண்டியில் போகும்போது இவன் மட்டும் பெடல் மிதிப்பது அவமானம் என்று அழுதான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும். அப்புறம் அவன் ட்யூஷன் நண்பர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். இரண்டு வீட்டில் காபி கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வீட்டில் முகம் கொடுக்கவில்லை. மூன்று வீட்டார் சம்மதித்தார்கள். நாலு பேரும் சேர்ந்து ட்யூஷன் மாஸ்டரிடம் போய், வகுப்பு முடிவதற்கும் கடைசி டவுன் பஸ்ஸுக்கும் நடுவே கால் மணி நேரம் இடிக்கிறது, கொஞ்சம் முன்னால் தொடங்க முடியுமா என்று கேட்டோம். அவர் யோசிக்கக்கூட இல்லை. "இதுவரைக்கும் யாரும் கேக்கலியேம்மா" என்றார். பஸ் தவறுகிற நாளில் நாலு வீட்டில் யாராவது ஒருவர் போய் அழைத்து வருகிறோம். சிரமம்தான். நான் இரண்டு முறை கேஸ் கட்டுகளோடு நேராக அங்கே போயிருக்கிறேன்.

பதினெட்டு முடிந்த மறுநாள் எல்.எல்.ஆருக்கு நானே விண்ணப்பம் போடுவதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அந்த முப்பது நாளும் எல் போர்டு மாட்டி, பின்னால் நானே உட்கார்ந்து வருவேன். தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறான். பழைய ஆணியில் தொங்குகிற அதே காலண்டர்தான்.

அடுத்த பெற்றோர் கூட்டம் இந்த மாதக் கடைசி சனிக்கிழமை. மார்க் பேச்சு முடிந்ததும் எழுந்து கேட்கப் போகிறேன்: டீக்கடை ஓரம் நிற்கிற வண்டிகள் யாருடையவை, பள்ளிப் பேருந்தை அந்தப் பக்கத் தெருக்களுக்கும் விட முடியுமா, மாலைச் சிறப்பு வகுப்பை டவுன் பஸ் நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று. நான் ஒருத்தி கேட்டால் வக்கீலம்மா சண்டைக்கு வந்துவிட்டார் என்று முடித்துவிடுவார்கள். நீங்களும் எழுந்து நில்லுங்கள். வரும்போது பிள்ளையை வண்டியில் வரச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து வராதீர்கள். போன தடவை அப்படி வந்த அப்பாக்களை நான் எண்ணினேன், பதினொரு பேர்.